தூதரகம் கேட்ட கையெழுத்து

ஸ்டாம்புத் தாளை அப்பாவின் தையல் மெஷின் மேல் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. காக்கி டவுசர் ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மிதிக்க மிதிக்க மெஷின் பலகை அதிர்ந்தது. தாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்குப் போய், கீழே கிடந்த வெட்டுத் துணிகளின் மேல் விழுந்தது. குனிந்து எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன்.

கூடலூரில், குமுளி ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே அப்பாவின் கடை. வெளியே ஒரு டிரைவர் இன்னும் ஓர் ஆள் வேண்டுமென்று கூவிக்கொண்டிருந்தார். கடைக்குள் புதுக் காக்கித் துணியின் கஞ்சி வாசமும் மெஷின் எண்ணெய் வாசமும் கலந்து கிடந்தன.

"அப்பா, இதுல ஒரு கையெழுத்துப் போடணும். ரங்கூன் எம்பசில கேக்குறாக."

மெஷின் நின்றது. தாளை எடுக்காமலே, குனிந்து முதல் இரண்டு வரிகளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"போட மாட்டேன் ஆத்தா."

கோபமாகச் சொல்லவில்லை. துணி பத்தாது என்று வாடிக்கைக்காரரிடம் சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். வந்தாலும் இதேதான் என்றார். வருகிறேன் என்று மறுபடியும் சொல்லிவிட்டு, தாளை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு லோயர் கேம்ப் பஸ்ஸில் ஏறினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் இந்தத் தொடரில், லோயர் கேம்ப் மின் நிலைய ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு கார்டு போட்டிருக்கிறார். இத்தனை வாரங்களில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அந்தக் கார்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சின்னம்மாவைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். அவரையே என் அம்மா என்று பலரும் நினைத்திருக்கக்கூடும்.

என்னைப் பெற்றவள் ரங்கூன்காரி. முதல் சம்பளத்தில் அவளுக்கு நான் வாங்கியது அஞ்சல் தலைகள்.

கப்பலுக்கு முன்

அப்பா சுப்பையா, இளவயதிலேயே பர்மாவுக்குத் தையல் வேலைக்குப் போனவர். ரங்கூனில் அவருடைய கடையில் பட்டன் துளை போட வந்த பெண்தான் அம்மா. பெயர் மா டின். அந்தத் தெருவின் தமிழ்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. பூசாரிக்கு அவளுடைய பெயர் வாயில் நுழையவில்லை. மீனா என்று வைத்துத் தாலி கட்டச் சொல்லிவிட்டார். தமிழர்களுக்கு மீனா, அவளுடைய வீட்டாருக்கு மா டின். இந்த இரண்டு பெயர்களும் பின்னால் எங்களை என்ன பாடு படுத்தப்போகின்றன என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறினார்கள். நாங்களும் கிளம்பினோம். எனக்கு ஏழு வயது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு நம் தூதரகத்துக்குப் போனது மங்கலாக நினைவிருக்கிறது. நீளமான பெஞ்சு. மேலே ஓடியும் காற்று வராத மின்விசிறி. புகைப்படம் ஒட்டிய பசையின் புளித்த வாசம். ஒருவர் என் கன்னத்தை நிமிர்த்தி, போட்டோவில் இருப்பதும் நானும் ஒன்றா என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா அன்று உள்ளே வரவில்லை. அவள் அந்த நாட்டுக் குடிமகள். எங்களுக்கு வேண்டிய தாள் வேறு, அவளுக்கு வேண்டிய தாள் வேறு. அவளுக்கானது கிடைக்க மூன்று மாதம் ஆகும், பின்னாலேயே வந்துவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். துறைமுகத்தில் ஒரு கேட்டுக்கு அப்பால் பயணிகளை மட்டும்தான் விட்டார்கள். அதுவரை என் கையை அம்மா பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு அப்பா பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அழுதேனா என்று தெரியவில்லை.

சென்னையை ஒட்டி ஒரு முகாமில் கொஞ்ச நாள் இருந்தோம். பெரியப்பா கூடலூரில் இருந்ததால் பிறகு அங்கே வந்து சேர்ந்தோம்.

மூன்று மாதம் மூன்று மூன்றாக நீண்டது. எனக்கு ஒன்பது வயதானபோது, உன் அம்மா காய்ச்சலில் செத்துப்போய்விட்டாள் என்று பெரியப்பா வீட்டில் சொன்னார்கள். அந்த வருடமே சின்னம்மா வந்தார்.

ஆடி மாதத்துச் சேலை

சின்னம்மா பேச்சியம்மாளுக்குக் காமயகவுண்டன்பட்டி. திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம். அவருடைய விரல் நுனிகளில் கொடி வெட்டிய தழும்புகள் உண்டு. அந்த விரல்களால்தான் எனக்கு ஈரும் பேனும் எடுத்தார். தம்பிகள் இருவர் பிறந்த பிறகும் எனக்கு எடுத்து வைத்த சோற்றில் குறை வைத்தவரில்லை. இதையெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன்.

எழுதாத ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆடி மாதமும் சின்னம்மா ஒரு வேளை பட்டினி கிடந்து மூத்தவளுக்குப் படைப்பார். இரண்டாம் தாரமாக வந்தவர்கள், இறந்துபோன முதல் மனைவிக்குச் சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் படம் எதுவும் வீட்டில் இல்லை. விளக்கை ஏற்றி, அதற்கு முன் முறத்தில் புதுச் சேலையும் வளையலும் வைத்து, பாயாசமும் வடையும் இலையில் போடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, உன் பிள்ளைய நான் பாத்துக்கிர்றேன். நீ எங்களப் பாத்துக்க," என்பார்.

அந்த நேரத்தில் அப்பா கடையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார். அது ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

தெரு இல்லாத முகவரி

பத்தொன்பது வயதில் கம்பத்தில் டைப்ரைட்டிங் படித்தேன். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து நின்றார். பர்மாவிலிருந்து எங்களுக்குப் பல வருடங்கள் கழித்து வந்தவர். பேச்சுவாக்கில் என் அப்பாவின் பெயரையும் தொழிலையும் கேட்டவர், என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, டெய்லர் சுப்பையா மகளா நீ, உன் அம்மாவை நான் கிளம்பும் முன்புகூட எம்பசி வாசலில் பார்த்தேனே என்றார்.

செத்துப்போய்விட்டாள் என்று நான் சொன்னேன். அந்தம்மா பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வகுப்பு மெஷினில் ஒரு கடிதம் அடித்தேன். இங்கிலீஷ் எனக்கு அரைகுறை. அதனால் அதன் கீழே கையால் தமிழிலும் எழுதினேன். மா டின் என்ற மீனா, தையல்காரர் சுப்பையாவின் மனைவி, உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தேன். உறை மேல் என்ன முகவரி எழுதுவதென்று தெரியவில்லை. தபால் ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல், இந்தியத் தூதரகம், ரங்கூன் என்று எழுது, தூதரகத்துக்குத் தெருப் பெயர் வேண்டாம், ஊருக்கு ஒன்றுதானே இருக்கும் என்றார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. பழுப்பு உறை. அதற்குள் இங்கிலீஷில் ஒரு பக்கம், எண் போட்டு, முத்திரை குத்தி. விண்ணப்ப விவரங்கள், இணைக்க வேண்டிய சான்றுகள், எல்லாம் அச்சு மாதிரி இருந்தன. பக்கத்தின் அடியில், முத்திரைக்கும் கீழே, நீல மையில் தமிழில் இரண்டு வரி:

'உங்கள் தாயார் நலம். மாதம் ஒருமுறை இங்கு வந்து, ஊரிலிருந்து கடிதம் உண்டா என்று கேட்டுச் செல்கிறார்.'

கையெழுத்து இல்லை. அந்த அலுவலகத்தில் இருந்த யாரோ ஒரு தமிழர். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நாடுகளுக்கிடையே என்னென்னவோ பெரிய காரியங்கள் பேசுவதற்காக வைத்திருக்கும் அலுவலகம் அது என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். எனக்கு அது அந்த இரண்டு வரிதான்.

கடிதத்தை அப்பாவிடம் கொண்டுபோனேன். கடையில் வேறு யாருமில்லை. படித்துவிட்டு வெகுநேரம் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சொன்னார். முதல் ஒன்றரை வருடம் அவளுக்குக் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தாராம். தாள் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்றே பதில் வந்ததாம். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வாய் என்று பெரியப்பா பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார். மனைவி உயிரோடு இருக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

"செத்துட்டாள்னு ஒரு தடவ சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல வழியில்லாமப் போச்சு," என்றார். பிறகு கடையை வேறு தெருவுக்கு மாற்றினார். பழைய முகவரிக்கு வந்த கடிதங்கள் திரும்பிப் போயின.

சின்னம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினார். நான் சரி என்றேன்.

இதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது. அந்த வருட ஆடியிலும் சின்னம்மா படைத்தார். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தே அந்த இலையில் உட்கார்ந்து நான் பாயாசம் சாப்பிட்டேன். அதற்கடுத்த ஆடியிலும் சாப்பிட்டேன்.

ஒருவரே என்று யார் சொல்வது

அப்பா அழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் நான் அழைப்பேன். மகள் என்ற முறையில் அவளைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று தூதரகத்துக்கு எழுதிக் கேட்டேன். முடியும், ஆனால் அவரை வைத்துப் பராமரிக்கும் வருமானம் உங்களுக்கு இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. இரவல் வாங்கிய பழைய பேப்பர்களில் வேலை விளம்பரம் தேடித் தேடி, எழுதிய பரீட்சைகளைப் பற்றிப் போன வாரம் சொன்னேன். அந்த வெறி எதற்காக என்று சொல்லவில்லை. இதற்காகத்தான்.

வேலை கிடைத்ததும் லோயர் கேம்ப்பில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு ஒதுக்கினார்கள். சம்பளச் சான்றையும் வீட்டுச் சான்றையும் அனுப்பினேன். அங்கே அம்மாவும் தன் பெயரில் விண்ணப்பித்தாள். தூதரகத்திலிருந்து அடுத்த கடிதம் வந்தது. அதில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். உங்கள் பிறப்புத் தாளில் தாயின் பெயர் மீனா. இங்கே விண்ணப்பித்திருப்பவர் மா டின். இருவரும் ஒருவரே என்பதற்குத் தந்தையாரின் சத்தியப் பிரமாணம் வேண்டும்.

நியாயமான கேள்வி. யார் வேண்டுமானாலும் வந்து நான்தான் அந்தத் தாய் என்று நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அதில் தகப்பன் பெயருக்குத்தான் இடம் இருந்தது. நான் யாருடைய மகள் என்று சொல்லத் தகுதியுள்ளவர் இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள். அவர் காக்கி டவுசருக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது ஞாயிறு

ஐந்து ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போனேன். தாளை மெஷின் மேல் வைப்பேன். போட மாட்டேன் என்பார். அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவேன். ஐந்தாவது வாரம்தான் காரணத்தைச் சொன்னார். மூத்தவள் உயிரோடு இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டினேன் என்று நானே எழுதிக் கொடுப்பதா? பேச்சி கதி என்ன, தம்பிகள் கதி என்ன? வக்கீலிடம் கேட்டாராம். அந்தத் தாள் வெளியே போனால் இந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று அவர் சொன்னாராம்.

அன்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அப்பா பயப்படுவது பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பற்றிப் பேச வேண்டியவர் அவர் மட்டுமில்லை.

ஆறாவது ஞாயிறு நான் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனேன்.

ஆடி பிறந்திருந்தது. சின்னம்மா படையலுக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"சின்னம்மா, இந்த வருசம் படைக்காதீக."

"ஏன் ஆத்தா?"

"அம்மா உசுரோட இருக்காக."

குழவி நின்றது. கையில் மாவோடு என்னைப் பார்த்தார். பழுப்பு உறையை எடுத்துக் காட்டினேன். எம்பசி என்றால் என்ன என்று கேட்டார். நம் நாட்டு ஆபீஸ், அடுத்த நாட்டில் இருப்பது என்றேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கையைத் துடைத்துவிட்டு, நீல மை வரிகளை விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். முடித்ததும் மேலே இருந்த தேதி முத்திரையைக் காட்டி, இது எப்போது வந்தது என்றார். இரண்டு வருடம் ஆகிறது என்றேன்.

"அப்ப, போன ஆடிக்கி உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிதான் தின்ன."

"ஆமா சின்னம்மா."

அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடிக்கவில்லை. எழுந்து, ஆட்டுக்கல்லில் கிடந்த மாவை அப்படியே விட்டுவிட்டு, வாசல்படி இறங்கி நடந்தார். செருப்புகூடப் போடவில்லை. நான் பின்னாலேயே போனேன். தூதரகம் அப்பாவிடம் என்ன கையெழுத்துக் கேட்கிறது என்பதை நடந்துகொண்டே சொன்னேன்.

கடையில் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா அவர் போகும்வரை வெளியே, ஜீப்புகளைப் பார்த்தபடி நின்றார். அவர் போனதும் உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்த அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உசுரோட இருக்குறவுகளுக்கு என்னையப் படையல் போட வச்சிட்டீகளே," என்றார் சின்னம்மா. "பன்னெண்டு வருசமா அவுகளச் சாகடிச்சுச் சாகடிச்சுக் கும்பிட்டிருக்கேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னம்மா கேட்கவில்லை. என் பையிலிருந்து தாளை எடுத்து மெஷின் மேல் வைத்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். அப்பா சட்டத்தைச் சொன்னார், தம்பிகளைச் சொன்னார்.

"நான் யாருன்னு ஊருக்குத் தெரியும். எம்பிள்ளைகளுக்கு அப்பன் யாருன்னும் தெரியும். அங்கன நிக்கிறவுக யாருன்னுதான் இந்தத் தாளு கேக்குது. அதுக்குப் பதில் சொல்லுங்க."

கடையிலேயே போட்டால் செல்லாது, உத்தமபாளையத்தில் நோட்டரி முன்னால் போட வேண்டும் என்று நான்தான் இடையில் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாளே போனோம், மூன்று பேரும். சின்னம்மா பஸ்ஸில் என்னோடு உட்காரவில்லை.

நோட்டரி வக்கீல் தாளைப் படித்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். இவருடைய வீட்டுக்காரி, அதில் எழுதியிருப்பது மூத்தவர் என்று சின்னம்மா சொன்னார். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதனால் உங்களுக்குப் பின்னால் சங்கடம் வரலாம், தெரியுமா என்றார். தெரியும் என்றார் சின்னம்மா. நன்றாக யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றார் வக்கீல்.

"யோசிச்சிட்டுத்தான்யா பஸ் ஏறுனேன். முத்திரையப் போடுங்க."

அப்பா கையெழுத்துப் போட்டார். பர்மாவில் கடைப் பலகையில் எழுதியிருந்ததைப் போல, முழுப் பெயராக, சாய்வில்லாமல் எழுதினார்.

சின்னம்மா என்னோடு மறுபடி பேச நான்கு மாதம் ஆனது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

சென்ட்ரல் நிலையம்

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அங்கே அம்மா தன் பங்குக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போனால் திரும்பி அந்த நாட்டில் குடியிருக்க வர முடியாது என்று ஒப்புக்கொள்ளும் தாள். பிறந்த ஊரை, தன் அக்கா தங்கைகளை விட்டு, பதினேழு வருடம் பார்க்காத ஒரு பெண்ணை நம்பி அவள் அதில் கையெழுத்துப் போட்டாள். என் பிடிவாதத்தைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தை நினைக்கும்போது எனக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

கல்கத்தா வரை விமானம். அங்கிருந்து, ஊர் திரும்பும் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு சென்னைக்கு ரயில். சென்ட்ரலில் நான் காத்திருந்தேன். ரயில் வந்து நின்றதும் லுங்கியும் மேல்சட்டையும் போட்ட பர்மாக்காரப் பெண்ணைத் தேடினேன். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போனேன். இல்லை. கூட்டம் வடிந்தது. போர்ட்டர்களும் போய்விட்டார்கள். பிளாட்பாரத்தில் தூணோரம் ஒரு பெண்மணி தகரப் பெட்டியோடு நின்றிருந்தார். கத்தரிப்பூ நிறச் சேலை, சரியாகக் கொசுவம் வராத கட்டு. நான் இரண்டு முறை கடந்து போன பெண்மணி.

என் கண்ணுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக அவள் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"கமலமா?" என்றாள். பிறகு பர்மிய மொழியில், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அது எனக்குப் புரிந்தது. தொடர்ந்து வேகமாக என்னென்னவோ பேசினாள். எதுவும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

"என் பேச்செல்லாம் போயிடுச்சா உனக்கு?"

"போயிடுச்சும்மா."

கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டே நின்றாள். "சரி. எனக்குத் தமிழ் போகல," என்றாள்.

வந்தவர்கள்

லோயர் கேம்ப் வீட்டில் அம்மாவுக்கு முதலில் தூக்கம் வரவில்லை. மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரின் இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பத்து நாளில் பழகிவிட்டது. மதுரைக்குப் போய்ப் போலீஸ் அலுவலகத்தில் அவளைப் பதிவு செய்து வந்தோம். வருடா வருடம் போக வேண்டும். ஒரு வருடமும் நான் தவறவிட்டதில்லை.

மூன்றாவது வாரம், அப்பாவை வரச் சொல்லு என்றாள். சின்னம்மாவையும் சேர்த்து வரச் சொல்லு என்றாள்.

ஒரு மதிய வேளையில் இருவரும் வந்தார்கள். வாசலில் சின்னம்மா தயங்கினார். அம்மா எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, பாய் விரித்து உட்கார வைத்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவாரி ஆளாக்கினது நீங்கள்தானா என்று அம்மா கேட்க, சின்னம்மா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, சமையல்கட்டில் வேலை இருக்கும், நான் பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டார். நானும் கூடப் போனேன்.

முன்னறையில் அம்மா பேச ஆரம்பித்தாள். பர்மிய மொழியில் பேசினாள். நீளமாக, குரலை உயர்த்தாமல் பேசினாள். பிறகு அப்பா பேசினார். அவரும் அதே மொழியில்.

சின்னம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. தன்னோடு பதினைந்து வருடம் குடும்பம் நடத்திய மனுஷன் ஒரு வார்த்தைகூட அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. தடங்கலில்லாமல் வந்தது அப்பாவுக்கு. குரலே வேறாக இருந்தது. இளவயதுக்காரருடைய குரல்.

"என்ன பேசுறாக?"

"தெரியல சின்னம்மா."

"சண்டையா?"

"சண்ட மாதிரித் தெரியல."

புரியாத பேச்சைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இடையில் அம்மா ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். அப்பா ஒருமுறை சிரித்தார். உடனே அந்தச் சிரிப்பு நின்றது. அப்புறம் அவருடைய குரல் உடைந்து, ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா கண்டிப்பாக ஒரே ஒரு வார்த்தை சொல்லி அதை நிறுத்தினாள்.

உலை கொதிக்க ஆரம்பித்தது. மூடியை எடுத்து வைத்தேன்.

பிறகு அப்பா தமிழில் பேசினார். சமையல்கட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகவே பேசினார்.

"நான் பண்ணது தப்பு. ஒனக்கும் தப்பு. பேச்சிக்கும் தப்பு. பிள்ளைக்கும் தப்பு."

சின்னம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நான் உலையில் அரிசியைப் போட்டேன்.

நான்கு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். நாலு மணி பஸ்ஸில் அவர்கள் கூடலூருக்குத் திரும்பினார்கள். அம்மா அதற்குப் பிறகு அப்பாவைத் தேடிப் போகவில்லை. என்னோடுதான் இருந்தாள், கடைசிவரை. சின்னம்மா மட்டும் மாதத்துக்கு ஒருமுறை பையில் ஏதாவது எடுத்துக்கொண்டு வருவார். இரண்டு பேரும் கால்வாய்ப் பாலம் வரை நடந்துவிட்டு வருவார்கள்.

அன்று பஸ் போன பிறகு, அப்பாவிடம் என்ன பேசினாய் என்று அம்மாவிடம் கேட்டேன். எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள் என்று அவர் கேட்டாராம். ஒவ்வொரு வீடாகச் சொன்னாளாம். அப்புறம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாராம்.

"நான்தான் நிறுத்தினேன். அதைத் தமிழ்ல சொல்லுன்னேன்," என்றாள் அம்மா. "எனக்கு மட்டும் கேட்டாப் போதுமா? உள்ள ஒருத்தி அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்காளே, அவளுக்கும் கேக்கணும்ல."